இழுத்தால் எரியும், இழுத்தால் அணையும்

அமெரிக்காவிலும் கனடாவிலும் பழைய வீடுகளின் பேஸ்மென்ட்டில் இறங்கினால், தலைக்கு மேலே மரச்சட்டங்களுக்கு நடுவில் ஒரு வெள்ளைப் பீங்கான் ஹோல்டர் இருக்கும். அதில் மூடியில்லாத ஒரு பல்ப். பக்கத்தில் குட்டி மணிகள் கோத்த ஒரு சங்கிலி. சுவரில் தேடினால் சுவிட்ச் கிடைக்காது. சங்கிலியை ஒரு முறை இழுத்தால் விளக்கு எரியும், மறுமுறை இழுத்தால் அணையும். டொரண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் பேஸ்மென்ட் வாடகையில் புதுவாழ்வைத் தொடங்கிய ஈழத் தமிழர் பலருக்கு இது பழகிய பொருள்.

பார்த்தால் மலிவான, காலம் போன சாமான் போலத்தான் தெரியும். ஆனால் எந்த சுவிட்சும் மூன்று கேள்விகளுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். மின்சாரத்தை எந்த வயரில் துண்டிப்பது? எவ்வளவு வேகமாகத் துண்டிப்பது? துண்டிக்கிற கையை மின்சாரத்துக்கு எட்டாமல் எப்படி வைப்பது? இந்தச் சங்கிலி சுவிட்ச் மூன்றுக்கும் பதில் வைத்திருக்கிறது. அந்தப் பதில்கள் புரிந்துவிட்டால், அதைக் கூரையில் மாட்டும்போது செய்ய வேண்டிய ஒவ்வொன்றுக்கும் காரணம் தானாகவே விளங்கும்.

கைக்கு எட்டாத விளக்கு

எடிசனின் பேர்ல் தெரு மின்நிலையம் நியூயார்க்கில் 1882 செப்டம்பர் 4 அன்று வீடுகளுக்கும் கடைகளுக்கும் மின்சாரம் கொடுக்கத் தொடங்கியது. அந்தக் காலத்து விளக்குகளைப் பெரும்பாலும் ஹோல்டரிலேயே இருந்த ஒரு சிறு திருகுசாவியைத் திருப்பித்தான் ஏற்றி அணைத்தார்கள். மேசை விளக்குக்கு இது சரி. கூரை விளக்குக்கு நாற்காலி போட்டு ஏற வேண்டும். ஏறினாலும் சுடுகிற பல்புக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோக வேண்டும்.

கனெக்டிகட் மாநிலத்தின் பிரிட்ஜ்போர்ட் நகரில் தொழிற்சாலை நடத்திய ஹார்வி ஹபெல், 1896 ஆகஸ்டில் சங்கிலியால் இயங்கும் ஹோல்டருக்குக் காப்புரிமை பெற்றார். சுவரிலிருந்து கழற்றி எடுக்கக்கூடிய பிளக்குக்கு 1904இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றவரும் இவரே. விளக்கை எட்டிப் பிடிக்க வேண்டிய தேவையைச் சங்கிலி நீக்கியது.

சுவர் சுவிட்ச் பரவிய பிறகும் பேஸ்மென்ட்டில் சங்கிலி நிலைத்ததற்குக் காரணம் கட்டுமானம். சுவரில் சுவிட்ச் வைக்க வேண்டுமானால் கூரையிலிருந்து கேபிளைச் சுவர் வழியே கீழே இறக்க வேண்டும். மாடியின் சுவர்கள் மரச்சட்டமும் பலகையுமாக உள்ளே வெற்றிடம் கொண்டவை. அவற்றில் கேபிளை எளிதாக மறைக்கலாம். பேஸ்மென்ட்டின் வெளிச்சுவர்களோ கல் அல்லது கான்கிரீட். ஆனால் தலைக்கு மேலே தளத்தைத் தாங்கும் சட்டங்கள் திறந்தே கிடக்கின்றன. மின்சாரம் அங்கேயே வந்து நிற்கிறது. விளக்கையும் சுவிட்சையும் ஒரே இடத்தில் முடித்துக்கொள்வது எளிது, செலவும் குறைவு.

பொறி ஏன் வருகிறது?

இருட்டில் ஒரு சுவிட்சை அணைக்கும்போது உள்ளே நீலமாக ஒரு பொறி மின்னுவதைப் பலரும் பார்த்திருப்போம். அதில் ஒரு புதிர் இருக்கிறது. சாதாரணக் காற்றில் இரண்டு உலோக முனைகளுக்கு நடுவே பொறி பாய வேண்டுமானால் குறைந்தது சுமார் 330 வோல்ட் தேவை. அமெரிக்க வீட்டு மின்சாரம் 120 வோல்ட். அதன் உச்சம்கூட 170 வோல்ட்தான். அப்படியிருக்க, பொறி எங்கிருந்து வருகிறது?

விடை தொடுமுனைகளில் இருக்கிறது. எவ்வளவு வழவழப்பான உலோகமும் நுண்ணோக்கியில் மேடு பள்ளமாகவே தெரியும். இரண்டு முனைகள் ஒன்றையொன்று தொடும்போது உண்மையில் தொடுபவை சில மேடுகள் மட்டுமே. முனைகள் பிரியத் தொடங்கியதும் இந்த மேடுகள் ஒவ்வொன்றாக விலகி, கடைசியில் ஒரே ஒரு புள்ளி மிஞ்சும். அதுவரை பல வழிகளில் பிரிந்து சென்ற மின்னோட்டம் முழுவதும் அந்த ஒரு புள்ளிக்குள் நெருக்கிக்கொண்டு பாயும். புள்ளி சூடேறி உருகும். வெள்ளி 962 டிகிரி செல்சியஸிலும் செம்பு 1,085 டிகிரியிலும் உருகும். முனைகள் மேலும் விலகும்போது உருகிய உலோகம் மெல்லிய பாலமாக இழுபட்டு, கொதித்து, ஆவியாகி வெடிக்கும். இப்போது இடைவெளியில் இருப்பது வெறும் காற்று அல்ல. மின்னேற்றம் பெற்ற உலோக ஆவி. அது மின்சாரத்தைத் தாராளமாகக் கடத்தும். இதுதான் மின்வில்.

மின்வில் ஒருமுறை பிறந்துவிட்டால் அதை உயிரோடு வைத்திருக்க அதிக வோல்ட் தேவையில்லை. வெள்ளி முனைகளுக்கு சுமார் 12 வோல்ட்டும் அரை ஆம்பியருக்குச் சற்றுக் குறைந்த மின்னோட்டமும் போதும். 60 வாட் குண்டு பல்ப் 120 வோல்ட்டில் எடுப்பது அரை ஆம்பியர். அதாவது ஒற்றைப் பழைய பல்பே மின்வில்லைப் பேணப் போதுமான தீனி கொடுக்கும். முனைகள் மெதுவாகப் பிரிந்தால் இந்த வில் அவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடும். முனைகள் கருகும், குழி விழும், சூடேறும். நாளடைவில் சுவிட்சின் உறையே எரியலாம்.

மாறுமின்னோட்டத்தில் இதற்கு இயற்கையாகவே ஒரு கடிவாளம் உண்டு. 60 ஹெர்ட்ஸ் மின்சாரம் வினாடிக்கு 120 முறை பூஜ்யத்தைத் தொடுகிறது. அந்த நொடித்துளியில் வில்லுக்குத் தீனி இல்லை, அது அணையும். அடுத்த அரைச்சுற்று எழுவதற்குள் முனைகள் போதிய தூரம் விலகியிருந்தால் வில் மறுபடி பற்றாது. எடிசன் கொடுத்ததோ நேர்மின்னோட்டம். அதில் பூஜ்யம் என்ற பேச்சே இல்லை. மான்ஹாட்டனின் சில கட்டடங்களுக்கு நேர்மின்னோட்டம் கொடுப்பது 2007இல்தான் முற்றிலும் நின்றது. தொடக்ககால சுவிட்சுகள் பிறந்தது இந்தக் கடுமையான சூழலில். இன்றும் ஒரே சுவிட்ச் மாறுமின்னோட்டத்தில் தாங்குவதைவிட நேர்மின்னோட்டத்தில் குறைவாகவே தாங்கும்.

கையின் வேகம் வேறு, முனையின் வேகம் வேறு

முனைகள் வேகமாகப் பிரிய வேண்டும். ஆனால் சுவிட்சைப் போடுகிறவர் குழந்தையாக இருக்கலாம், முதியவராக இருக்கலாம், தயங்கித் தயங்கி இழுப்பவராகவும் இருக்கலாம். அவர் கையின் வேகத்தை நம்பி ஒரு சுவிட்சை வடிவமைக்க முடியாது. இங்கிலாந்தின் நியூகாசில் நகரைச் சேர்ந்த ஜான் ஹென்றி ஹோம்ஸ் 1884இல் இதற்கு வழி கண்டார். கை நேரடியாக முனையை நகர்த்தாது. ஒரு ஸ்பிரிங்கை மட்டும் முறுக்கும். ஸ்பிரிங் ஓர் எல்லையைத் தாண்டியதும் தன் வேகத்தில் பாய்ந்து முனைகளைப் பிரிக்கும். இன்றைய வீட்டு சுவிட்சுகள் பலவற்றில் அந்தத் தத்துவம்தான் இயங்குகிறது.

சங்கிலி சுவிட்சின் உள்ளே இது நடக்கும் விதம் அழகானது. சங்கிலி ஒரு சிறு நெம்புகோலை இழுக்கிறது. நெம்புகோலில் உள்ள கொக்கி ஒரு பற்சக்கரத்தின் பல்லில் மாட்டிச் சக்கரத்தைத் தள்ளுகிறது. கூடவே ஸ்பிரிங் முறுக்கேறுகிறது. ஒரு கட்டத்தில் சக்கரம் தடையைத் தாண்டிச் சட்டென்று அடுத்த நிலைக்குத் தாவி நிற்கிறது. நமக்குக் கேட்கும் 'டிக்' சத்தம் அந்தத் தாவல்தான். சக்கரத்தோடு சுழலும் உருளையில் உலோகப் பட்டையும் காப்புப் பட்டையும் மாறி மாறி இருக்கும். ஒவ்வோர் இழுப்புக்கும் உருளை கால் சுற்று திரும்பும். உலோகப் பட்டை முனைகளைத் தொட்டால் விளக்கு எரியும். காப்புப் பட்டை வந்தால் அணையும். சங்கிலியை விட்டதும் நெம்புகோல் மட்டும் பழைய இடத்துக்குத் திரும்பும், உருளை நின்ற இடத்தில் நிற்கும். தலையை ஒருமுறை அழுத்தினால் முனை வெளியே வந்து, மறுமுறை அழுத்தினால் உள்ளே போகும் பால்பாயின்ட் பேனாவிலும் இதே ஏற்பாடுதான்.

மணிச்சங்கிலியைத் தேர்ந்ததற்கும் காரணம் உண்டு. சாதாரண வளையச் சங்கிலி முறுக்கேறினால் சிக்கிக்கொள்ளும். மணிச்சங்கிலியில் ஒவ்வொரு மணியும் தன் இணைப்புக் கம்பியில் தாராளமாகச் சுழலும். எந்தப் பக்கம் இழுத்தாலும் திருகாது. இருந்தாலும் அதை நேர்கீழாக இழுப்பதே நல்லது. எப்போதும் சாய்வாக இழுத்தால் சங்கிலி வெளிவரும் வாய் தேய்ந்து, கடைசியில் சங்கிலி அறுந்து உள்ளே மாட்டிக்கொள்ளும். அப்படியானால் பிரித்து ஒட்டுப்போடக் கூடாது. ஹோல்டரையே மாற்ற வேண்டும். அது மலிவான பொருள்தான்.

அணைக்கும்போது வில் என்றால், ஏற்றும்போது வேறொரு சோதனை. குளிர்ந்த டங்ஸ்டன் இழையின் மின்தடை, எரியும்போது இருப்பதில் பத்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோதான். ஆகவே குண்டு பல்பை ஏற்றிய கணத்தில், வழக்கமான மின்னோட்டத்தைப்போல் பத்து மடங்குக்கு மேல் பாயக்கூடும். இதற்காகவே பழைய அமெரிக்க சுவிட்சுகளில் டங்ஸ்டன் விளக்குக்கு ஏற்றது என்று தனிக் குறியீடு பொறித்தார்கள். சங்கிலியில்லாத பீங்கான் ஹோல்டர் பொதுவாக 660 வாட் தாங்கும்போது, சங்கிலி உள்ளது 250 வாட்டோடு நிறுத்திக்கொள்கிறது. குறுக்கே நிற்பது அந்தச் சின்னஞ்சிறு சுவிட்ச். 9 வாட் எல்.இ.டி. பல்ப் எடுப்பது 0.1 ஆம்பியருக்கும் கீழே. மின்வில்லைப் பேண அது போதாது. எல்.இ.டி. வந்த பிறகு இந்த சுவிட்சின் அன்றாடச் சுமை வெகுவாக இறங்கிவிட்டது.

எந்த வயரைத் துண்டிப்பது?

விளக்கு எரிய இரண்டு வயர் வேண்டும். ஒன்று மின்னழுத்தம் உள்ள ஃபேஸ். மற்றொன்று மின்னோட்டம் திரும்பும் நியூட்ரல். இது மின்பலகையில் பூமியோடு இணைக்கப்பட்டது. இரண்டில் எதைத் துண்டித்தாலும் விளக்கு அணைந்துவிடும். ஆபத்து அங்கேதான் ஒளிந்திருக்கிறது. நியூட்ரலைத் துண்டித்தால் விளக்கு இருண்டிருக்கும், ஹோல்டருக்குள் 120 வோல்ட் அப்படியே காத்திருக்கும். பல்ப் மாற்றக் கை விடுபவருக்கு அது தெரியாது. எனவே சுவிட்ச் எப்போதும் ஃபேஸ் வயரில்தான் இருக்க வேண்டும்.

ஹோல்டரிலும் இதே விதி தொடர்கிறது. பித்தளை நிறத் திருகாணி ஃபேஸுக்கு; வெள்ளி நிறத் திருகாணி நியூட்ரலுக்கு. ஃபேஸ் போய்ச் சேர்வது ஹோல்டரின் அடியில் உள்ள நடுமுனைக்கு. நியூட்ரல் சேர்வது பல்பின் மரை ஏறும் உலோகக் கிண்ணத்துக்கு. பல்பைத் திருகும்போது விரல் படக்கூடியது மரைப்பகுதிதான். வயர்களை மாற்றி மாட்டினாலும் விளக்கு எரியத்தான் செய்யும். எரிகிறது என்பதை வைத்துச் சரியாக மாட்டியிருக்கிறது என்று முடிவு கட்ட முடியாது.

நம் ஊர் அனுபவத்தோடு அங்கே போகிறவர்கள் ஒன்றைக் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். இந்தியாவில் சிவப்பு ஃபேஸ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த். வட அமெரிக்காவில் கறுப்புதான் ஃபேஸ், வெள்ளை நியூட்ரல், உறையில்லாத செம்புக் கம்பி அல்லது பச்சை வயர் எர்த். சென்னையிலோ மதுரையிலோ கறுப்பு வயரை நியூட்ரல் என்று பழகிய கை, டொரண்டோவில் அதே நினைப்பில் தொட்டால் உயிருக்கே ஆபத்து. பழைய வீடுகளில் நிறத்தையும் முழுதாக நம்ப முடியாது. முன்பு யாரோ மாற்றி இணைத்திருக்கலாம்.

மாட்டும் வேலை

முதலில் மின்பலகையில் அந்தச் சுற்றின் பிரேக்கரை இறக்க வேண்டும். விளக்கு அணைந்துவிட்டது என்பது சான்றாகாது. டெஸ்டரை மின்சாரம் உள்ள ஓர் இடத்தில் வைத்து அது வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு வேலை செய்யப்போகும் வயர்களில் சோதிக்க வேண்டும். முடித்ததும் மறுபடி முதல் இடத்துக்குப் போய் டெஸ்டர் இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பேட்டரி தீர்ந்த டெஸ்டரும் 'மின்சாரம் இல்லை' என்றுதான் சொல்லும்.

கூரையில் மாட்டும் எண்கோணப் பெட்டி மரச்சட்டத்தில் உறுதியாகப் பிடித்திருக்க வேண்டும். சாதாரண விளக்குக்குத் தன் எடை மட்டுமே சுமை. இதற்கு ஒவ்வோர் இழுப்பும் சுமை. பெட்டிக்குள் போதிய இடமும் வேண்டும். வயர்களை அடைத்துத் திணித்தால் வெப்பம் வெளியேறாது, காப்புறையும் நசுங்கும். 14 கேஜ் வயர் ஒவ்வொன்றுக்கும் 2 கன அங்குலம் என்று அமெரிக்க விதி கணக்கு வைத்திருக்கிறது. இரண்டு கேபிள்கள் நுழைந்தால் ஃபேஸும் நியூட்ரலுமாக நான்கு வயர், எர்த் எல்லாம் சேர்த்து ஒன்று, உள்ளே கேபிளைப் பிடிக்கும் கவ்விகளுக்கு ஒன்று. மொத்தம் 12 கன அங்குலம். நான்கு அங்குல அகலமும் ஒன்றரை அங்குல ஆழமும் கொண்ட எண்கோணப் பெட்டியின் கொள்ளளவு 15.5 கன அங்குலம். இடம் போதும்.

சுவிட்ச் ஹோல்டரிலேயே இருந்தால் வேலை எளிது. கறுப்பு பித்தளைத் திருகாணிக்கு, வெள்ளை வெள்ளித் திருகாணிக்கு, பெட்டி உலோகமானால் எர்த் பெட்டிக்கு. திருகாணி இறுகும் திசையிலேயே வயரின் கொக்கி வளைந்திருக்க வேண்டும். எதிர்த்திசையில் வளைத்தால் முறுக்கும்போது வயர் வெளியே நழுவும். தளர்ந்த இணைப்பு சூடேறும் இணைப்பு.

சில நேரம் சுவிட்சை மட்டும் கூரையில் தனியாக வைத்து, சற்றுத் தள்ளியுள்ள விளக்கையோ ஒரு வரிசை விளக்குகளையோ இயக்க வேண்டியிருக்கும். மின்சாரம் முதலில் சுவிட்ச் பெட்டிக்கு வந்தால், வெள்ளை வயர்களை ஒன்றாக முறுக்கி நேரே விளக்குக்கு அனுப்பி, கறுப்பு வயரை மட்டும் சுவிட்சின் இரு முனைகளுக்கு நடுவே பிரித்து இணைப்பார்கள். வயர்களை முறுக்கி மூடும் அந்தத் திருகு தொப்பிக்குக் கனடாவில் மாரட் என்று பெயர். 1914இல் அதை உருவாக்கிய வில்லியம் மார் ஒன்டாரியோவில் மின்பணி செய்தவர். அதற்கு முன் இந்த இணைப்புகளை ஈயப்பற்று வைத்து டேப் சுற்றித்தான் மூடினார்கள்.

ஈரத் தரையும் உலோகச் சங்கிலியும்

மூன்றாவது கேள்வி கையைப் பற்றியது. பேஸ்மென்ட்டின் கான்கிரீட் தரை மண்ணின் மேல் நேரடியாகக் கிடக்கிறது. மண்ணின் ஈரம் அதில் ஊறும். வெறுங்காலோடு அதன்மேல் நிற்பவர் பூமியோடு இணைந்தே நிற்கிறார். உலர்ந்த தோல் மின்சாரத்தை ஓரளவு தடுக்கும்; நனைந்தால் உடலின் மின்தடை 1,000 ஓம் அளவுக்கு இறங்கிவிடும். 120 வோல்ட்டை 1,000 ஓமால் வகுத்தால் 120 மில்லி ஆம்பியர். 60 வாட் பல்ப் எடுப்பதில் கால் பங்குகூட இல்லாத இந்த மின்னோட்டம் இதயத்தின் துடிப்பைக் குலைத்துவிடும்.

பழைய பித்தளை ஹோல்டர்களில் உள்முனைக்கும் வெளிஉறைக்கும் நடுவே காப்பாக இருந்தது ஓர் அட்டைச் சுருள். பல்பின் சூட்டில் அட்டை பொரிந்து உதிர்ந்தால் உறையில் மின்சாரம் ஏறும். உறையிலிருந்து சங்கிலிக்கும் இறங்கும். இதைத் தடுக்கச் சங்கிலியின் நடுவே மின்சாரம் கடத்தாத ஒரு சிறு இணைப்பு வைக்கப்பட்டது. பீங்கான் ஹோல்டருக்கு உறைக் கோளாறு இல்லை. ஆனாலும் சங்கிலியின் கீழ்முனையில் பருத்தி அல்லது நைலான் கயிறு கட்டி நீட்டுவதே நல்ல பழக்கம். பிரிட்டனின் குளியலறைகளில் கூரை சுவிட்சிலிருந்து கயிறு தொங்குவதும் இதற்காகவே. அங்கே 230 வோல்ட். ஈரக்கை சுவிட்சைத் தொடவே கூடாது, கயிற்றை மட்டும் தொட வேண்டும்.

கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சார்ல்ஸ் டால்சீல் 1960களின் தொடக்கத்தில் உருவாக்கிய கசிவுத் துண்டிப்பான், சுமார் 5 மில்லி ஆம்பியர் வழிதவறினாலே மின்சாரத்தை நிறுத்திவிடும். பேஸ்மென்ட் பிளக் பாயின்ட்களுக்கு அமெரிக்க விதி இதைக் கேட்கிறது. விளக்குச் சுற்றில் பல வீடுகளில் இது இருப்பதில்லை. சில சங்கிலி ஹோல்டர்களின் பக்கத்தில் ஒரு பிளக் துளையும் உண்டு. அதற்கு இந்தப் பாதுகாப்பு அவசியம்.

எங்கே வைக்கலாம், எங்கே கூடாது

அமெரிக்காவின் தேசிய மின்விதித் தொகுப்பு முதலில் வந்தது 1897இல், ஹபெலின் காப்புரிமைக்கு மறு ஆண்டில். சாமான் போட்டு வைக்கவும் இயந்திரங்களைப் பழுதுபார்க்கவும் மட்டும் பயன்படும் பேஸ்மென்ட்டில் சுவிட்ச் உள்ளடங்கிய விளக்கை இன்றும் அது அனுமதிக்கிறது. ஆனால் உள்ளே நுழையும் இடத்திலேயே ஒரு விளக்கை இயக்க வழியிருக்க வேண்டும். ஆறு படியோ அதற்கு மேலோ உள்ள உள்படிக்கட்டுக்கு மேலும் கீழும் சுவர் சுவிட்ச் கட்டாயம். இருட்டில் படியிறங்கி, காற்றில் சங்கிலியைத் துழாவுவது மின்சாரத்தைவிடப் பெரிய ஆபத்து.

சுவர் சுவிட்சும் சங்கிலியும் ஒரே விளக்குக்கு இருந்தால் ஒரு தொல்லை வரும். இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே வயரில் இருப்பதால், கீழே யாராவது சங்கிலியை இழுத்து அணைத்துவிட்டால் மேலே சுவிட்சை எத்தனை முறை தட்டினாலும் விளக்கு எரியாது. இரண்டு இடத்திலிருந்தும் இயக்க வேண்டுமானால் அதற்கென்று உள்ள இருவழி சுவிட்சுகளையே போட வேண்டும்.

படிக்கட்டுக்குச் சுவர் சுவிட்ச். ஃபர்னஸ் பக்கம், தண்ணீர் ஹீட்டர் பக்கம், சாமான் மூலை ஆகியவற்றுக்குச் சங்கிலி. இதுவே சரியான பங்கீடு. ஒன்டாரியோவில் புதிய விளக்கு இணைப்பைச் சொந்த வீட்டில் தானே போட்டாலும் மாகாண மின்பாதுகாப்பு ஆணையத்தில் பதிவு செய்ய வேண்டும். ஆள் வைத்துச் செய்தால் அவர் உரிமம் பெற்றவராக இருக்க வேண்டும். உங்கள் பேஸ்மென்ட்டில் பழைய பித்தளை ஹோல்டரும் வெறும் உலோகச் சங்கிலியும் இன்னும் தொங்கினால், அதை மாற்றும் வேலையைத் தள்ளிப்போடாதீர்கள்.